நாழி என்றால் எவ்வளவு? எல்லையோரச் சமையலை எழுதுகிறவரின் வேலை

செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவே இருக்கிறது பிரானூர். இன்று அங்கே எந்த மாநில எல்லையும் கிடையாது. ஆனாலும் ஊர்க்காரர்கள் அந்த நிறுத்தத்தை 'பார்டர்' என்றே சொல்கிறார்கள். அங்கே கிடைக்கும் பரோட்டாவுக்கும் 'பார்டர் பரோட்டா' என்றே பெயர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலையாளச் சீமையோடு இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது அந்தத் தாலுகாவின் கிழக்குப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. ஆரியங்காவும் தென்மலையும் கேரளத்தில் நின்றன. எல்லைக்கோடு புளியரைக்கு மேலே மலைக்குப் போனது, பெயர் பிரானூரிலேயே தங்கிவிட்டது. அதே நாளில் தெற்கே அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின.

அடுப்புக்கு இந்தக் கோடு தெரியாது. தேங்காயை வறுத்து அரைத்து வைக்கும் புளிக்குழம்புதான் தீயல். நாகர்கோவிலில் வைக்கும் தீயலும் கேரளத்து நெய்யாற்றின்கரையில் வைக்கும் தீயலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் பள்ளிக்கூட மொழி வேறானதால் சொற்கள் மட்டும் இரண்டாகப் பிரிந்து வளர்ந்தன. உணவைத் தேடிப் பயணம் போய் எழுதுகிறவர் இங்கே வழி தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: கேட்ட சொல்லில், எழுதிக்கொண்ட அளவில். மலைப்பாதையும் மழையும் இரவுப் பேருந்தும் அதற்குப் பிறகுதான்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். மலையாளத்தில் 'முளகு' என்றால் மிளகாய். நம் மிளகுக்கு அங்கே குருமுளகு, நல்லமுளகு என்று பெயர். குமரி மாவட்டத்திலும் நல்லமிளகு என்பார்கள். கேரளத்துப் பாறசாலையில் ஒரு சேச்சி மீன் குழம்புக்கு "மூணு ஸ்பூண் முளகுபொடி" என்று சொல்வதை 'மூன்று கரண்டி மிளகுத்தூள்' என்று எழுதிக்கொண்டால் அந்தக் குழம்பை யாராலும் வாயில் வைக்க முடியாது. 'கறி' என்று எழுதினால் மதுரைக்காரர் ஆட்டிறைச்சி என்று படிப்பார். கேரளத்தில் வெள்ளரிக்காய் போட்டதும் கறிதான், இறைச்சிக்குப் பெயர் இறைச்சியேதான். 'வெள்ளம்' என்றால் தண்ணீர். எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'குறச்சு'. "உப்பு குறச்சு இடணும்" என்றால் கொஞ்சம் உப்புப் போட வேண்டும் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது உப்பைக் குறைக்கச் சொல்வதுபோல் கேட்கும்.

வாழைப்பழத்தில் இந்தக் குழப்பம் சந்தை வரைக்கும் போகிறது. தமிழ்நாட்டில் பூவன் என்று விற்கும் பழம் கேரளத்தில் பாளையங்கோடன். அங்கே பூவன் என்று கேட்டு வாங்கினால் நம் ரஸ்தாளி கையில் வரும். நேந்திரனைக் குமரியில் ஏத்தன் என்பார்கள். மரவள்ளிக்கிழங்கு குமரியில் மரச்சீனி, கேரளத்தில் கப்பை. பலா இரண்டு பக்கமும் சக்கை. சின்ன வெங்காயம் உள்ளி. பொரியலை ஒத்த தேங்காய்ச் சேர்ப்பு குமரியில் துவரன், பாறசாலை தாண்டினால் தோரன். ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் சமைப்பவர் சொன்ன பெயர், கடைக்காரர் சொன்ன பெயர், வாசகருக்குத் தெரிந்த பெயர் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பொருளையே கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

இனி அளவு. பழைய வீடுகளில் இன்றும் அரிசிப் பானைக்குள் ஒரு நாழி கிடக்கும். தமிழ்க் கணக்கில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. அதாவது நாழியும் படியும் ஒன்று. கேரளக் கணக்கில் நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. இடங்கழியே ஏறக்குறையப் படிக்கு அருகில்தான் வரும். நாழி அதில் காலே. ஒரே சொல்லுக்கு எல்லையின் ஒரு பக்கத்தில் நான்கு மடங்கு அரிசி! பாட்டி எழுதி வைத்த தாளில் 'அரிசி 1 நாழி, தேங்காய் 2' என்று இருந்தால், அந்தப் பாட்டி எந்த நாழியில் அளந்தார் என்று தெரியாமல் அந்தத் தாளை அச்சில் ஏற்றக் கூடாது. ஊருக்கு ஊர், சில இடங்களில் வீட்டுக்கு வீடுகூட நாழி மாறியிருக்கிறது. இதைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு: அந்தப் பாத்திரத்தையே எடுத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அளவுக் குவளையில் கொட்டி, மில்லி கணக்கைக் குறித்துக்கொள்வது. பிறகு அதில் அரிசியைத் தலைதட்டி ஒரு முறையும் கோபுரமாகக் குவித்து ஒரு முறையும் நிறுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயமாகத் தோன்றும். புட்டுக்கு மாவு நனைக்கும்போது அதுவே பொலபொலவென்று உதிர்வதற்கும் களியாகிப்போவதற்கும் உள்ள தூரம்.

பையில் போகும் கருவிகள் அதிகம் இல்லை. ஒரு கிராம் வரை காட்டும், ஐந்து கிலோ தாங்கும் பேட்டரித் தராசு, ஒரு லிட்டர் அளவுக் குவளை, எண்ணெயில் விடக்கூடிய வெப்பமானி, பென்சில். பேனா வேண்டாம், ஆவியில் மை கலைந்துவிடும். மாற்றுப் பேட்டரி கட்டாயம்.

சமைக்கிறவர் கையை நிறுத்தி "எவ்வளவு போட்டீங்க அக்கா?" என்று கேட்டால் இரண்டு கெடுதல் நேரும். அவர் வழக்கமாக எடுக்கும் பிடியை மறந்து, நமக்காக ஒரு பிடி எடுப்பார். அந்த இடைவெளியில் அடுப்பில் இருப்பதும் கருகும். அதற்குப் பதிலாகச் சமையல் தொடங்கும் முன்பே உப்புச் சாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்ப் பாட்டில், தேங்காய்த் துருவல் கிண்ணம் எல்லாவற்றையும் நிறுத்துக் குறித்துவிட வேண்டும். சமையல் முடிந்ததும் மறுபடி நிறுக்க வேண்டும். உப்புச் சாடி 842 கிராமிலிருந்து 824-க்கு வந்திருந்தால் அவருடைய 'ஒரு கை' 18 கிராம். தேங்காய்க்கு இது மிகவும் அவசியம். 'ஒரு தேங்காய்' என்பது அளவே இல்லை. காயின் பருமனைப் பொறுத்துத் துருவல் இரண்டு மடங்குகூட வேறுபடும்.

தீயலை எடுத்துக்கொள்வோம். எல்லையோரச் சமையலில் எழுத்துக்கு அதிகம் சவால் விடுவது அதுதான். நான்கு பேருக்கான உள்ளித் தீயலுக்குத் துருவிய தேங்காய் 150 கிராம், உரித்த உள்ளி 250 கிராம், மிளகாய் வற்றல் 8, மல்லி 2 மேசைக்கரண்டி, நல்லமிளகு அரைத் தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, புளி 25 கிராம், தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. இவ்வளவையும் யாரும் எழுதிவிடலாம். தீயல் தீயல் ஆவது தேங்காய் வறுபடும் பதினைந்து, இருபது நிமிடத்தில். அந்த இடத்தைப் பெரும்பாலான குறிப்புகள் 'பொன்னிறமாக வறுக்கவும்' என்று ஒரு வரியில் தாண்டிப்போகின்றன. அது தவறு. பொன்னிறத்தில் இறக்கினால் கிடைப்பது வறுத்தரைத்த குழம்பு. தீயலுக்கு அதற்கும் அப்பால் போக வேண்டும்.

முதல் ஐந்தாறு நிமிடம் துருவலில் உள்ள ஈரம் ஆவியாகிப் போகும். நிறம் மாறாது, கரண்டி கனமாக இருக்கும். ஈரம் போனபின் துருவல் லேசாகிச் சலசலக்கும். அப்போதுதான் சூடு 140 பாகை செல்சியஸைத் தாண்டி, தேங்காயில் உள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நிறம் ஏறத் தொடங்கும். பொன்னிறம் வந்ததும் மல்லி, மிளகாய், மிளகு, வெந்தயம் சேர்க்க வேண்டும். அதற்குமுன் போட்டால் வெந்தயம் கருகிக் கசக்கும். பிறகு நிறம் விரைவாக ஓடும். பழம்புளியின் நிறத்துக்கு ஒரு படி முன்பே அடுப்பை அணைத்து, துருவலை வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். இரும்புச் சட்டியிலேயே விட்டுவைத்தால் சட்டிச் சூட்டிலேயே ஒன்றிரண்டு நிமிடத்தில் கருகிவிடும். கருகியதைப் புளி ஊற்றியும் வெல்லம் போட்டும் மீட்க முடியாது. கொட்டிவிட்டு மறுபடி வறுப்பதுதான் வழி. முற்றாத தேங்காயில் ஈரம் அதிகம். ஆகவே நிமிடக் கணக்கை மட்டும் நம்பி எழுதக் கூடாது. நிறம், சத்தம், மணம் மூன்றையும் நிமிடத்தோடு சேர்த்து எழுத வேண்டும். ஒலிப்பதிவை ஓடவிட்டு, சலசலப்பு தொடங்கும்போது நேரத்தை வாயால் சொல்லிவைத்தால் பின்னால் பிசகாது.

அரைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. முதலில் தண்ணீர் சேர்க்காமல் அரைத்தால் வறுத்த தேங்காய் எண்ணெய் விட்டு மெழுகாகும். அதற்குப் பிறகே தண்ணீர். தொடக்கத்திலேயே ஊற்றிவிட்டால் திப்பி திப்பியாக நின்று, குழம்பு வேறாகவும் தண்ணீர் வேறாகவும் பிரியும். புளிக்கரைசலில் வதக்கிய உள்ளி பத்து நிமிடம் கொதித்துப் பச்சை வாடை போனபின் அரைப்பைச் சேர்த்து, ஓரத்தில் எண்ணெய் மிதந்தவுடன் இறக்கிவிடலாம்.

மீன் குழம்பில் எல்லை புளியில் தெரியும். குமரியின் நாஞ்சில் நாட்டில் கோல்புளியோ (நம் வழக்கமான புளிதான்) மாங்காயோ போட்டுத் தேங்காய் அரைத்து ஊற்றுவார்கள். மேற்கே போகப்போகக் கொடம்புளி வரும். கொடம்புளியைக் கழுவி, இளஞ்சூட்டு நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, ஒரு கிலோ மீனுக்கு நான்கைந்து சுளை போட்டால் போதும். அது குழம்பில் கிடக்கக் கிடக்கப் புளிப்பை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மறுநாள் குழம்புக்கு அவ்வளவு ருசி. அதனாலேயே சுளைகளை எடுக்காமல் மூன்றாம் நாள் வரை விட்டால் நாக்கு கூசும். ருசி பார்த்து எழுதுகிறவர் குழம்பு வைத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் எழுத வேண்டும். காலையில் சாப்பிட்டவரும் இரவில் சாப்பிட்டவரும் அதே சட்டிக் குழம்பைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள், இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

நாகர்கோவில் பக்கத்து ஏத்தங்காய் வற்றலில் (நேந்திரங்காய் சிப்ஸ்) சாகசம் நிஜமாகவே எண்ணெய்க் கொப்பரைக்கு அருகில்தான். தோல் உரித்த காயை மஞ்சள் தண்ணீரில் போட்டுக் கறை போக்கி, ஈரம் துடைத்து, காய்ந்த தேங்காய் எண்ணெய்க்கு நேர்மேலே சீவுகட்டையைப் பிடித்து நேரடியாகச் சீவுவார்கள். தட்டில் சீவி வைத்துப் போட்டால் வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டும். நுரை அடங்கி வரும் சமயத்தில் உப்புக் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி எண்ணெயிலேயே ஊற்றுவார்கள். படபடவென்று வெடித்து அடங்கும். தண்ணீர் ஆவியாகப் போக, உப்பு வில்லையில் ஒட்டிக்கொள்ளும். இதை எழுதும்போது மூன்று விவரம் விடக் கூடாது: கொப்பரை பாதிக்கு மேல் நிறைந்திருக்கக் கூடாது, ஊற்றும் தண்ணீர் ஒரு சிறு கரண்டிக்கு மேல் போகக் கூடாது, முகம் தள்ளி நிற்க வேண்டும். வீட்டில் செய்து பார்ப்பவர் நிறைந்த வாணலியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதுகிறவர்தான் முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் போனால் ராமசேரி இட்லி. தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைவேலை அது. இட்லித் தட்டு கிடையாது. தண்ணீர் கொதிக்கும் மண்பானையின் வாயில் நூல்வலை பின்னிய வளையம், அதன்மேல் துணி, துணிமேல் மாவு, மேலே கவிழ்த்து மூடி. தோசைக்கும் இட்லிக்கும் நடுவில் தட்டையாக, மெத்தென்று வரும். குழித்தட்டில் ஆவி தண்ணீராகி இட்லியின் அடியில் தங்கும். இங்கே துணியும் வலையும் அதை வடியவிடுகின்றன. கட்டிக்கொண்டு போனாலும் நசநசத்துப் போகாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். தொட்டுக்கொள்ளப் பொடியும் தேங்காய் எண்ணெயும். கோயம்புத்தூர்க்காரர் நல்லெண்ணெய் கேட்பார். ஒரு முறை அங்கத்துக்காரர்போல் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டமும் சமையலை மாற்றுகிறது, இதை உணவெழுத்தில் பலர் கவனிப்பதில்லை. பனை இரண்டு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால், உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைப் பாளையில் கட்டிப் பதநீராக இறக்கி, காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள். சுண்ணாம்பு நொதிப்பதைத் தடுக்கும். கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருக்கின்றன. கள்ளுக்குத் தோதாகக் காரமும் புளியும் தூக்கலான மீன்கறி, கப்பை, தாறாவு (வாத்து) வறுவல் என்று ஒரு தனிச் சமையலே அங்கே வளர்ந்தது. குமரியின் கருப்பட்டிக் காப்பியையும் அந்தக் கள்ளுக்கடை மீன்கறியையும் ஒரே மாதிரி மரத்தின் இரண்டு கதைகளாக எழுத முடியும். வெறும் ருசிப்பட்டியல் போடுகிறவருக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படாது.

மரச்சீனிக்கும் அப்படியொரு பின்னணி உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, ஏழை வீடுகளின் பசியை அந்தக் கிழங்குதான் தாங்கியது. அதை அவிக்கும் முறையிலும் காரணம் இருக்கிறது. கிழங்கில் சயனைடு உண்டாக்கும் சத்து உண்டு, கசப்பு வகைகளில் அதிகம். தோலைப் பட்டையோடு நீக்கி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குக்கரில் கொஞ்சம் தண்ணீரோடு மூடி வேகவைத்து, அந்தத் தண்ணீரையே மசியலில் சேர்க்கும் குறிப்புகள் உலவுகின்றன. அவற்றைத் திருத்தாமல் அச்சிடுவது பொறுப்பற்ற செயல்.

எப்போது போவது என்பதும் கட்டுரையின் தரத்தைத் தீர்மானிக்கும். ஓட்டல் சமையலறையில் பேச்சுக் கொடுக்க ஏற்ற நேரம் பிற்பகல் மூன்றுக்கும் நாலரைக்கும் நடுவே. பரோட்டாவுக்கு மாவு பிசைவதைப் பார்க்க வேண்டுமானால் மதியமே அங்கே இருக்க வேண்டும். மாலையில் போனால் வீசுவதைத்தான் பார்க்கலாம், ஊறிய கணக்கு கிடைக்காது. பரோட்டாக் கல்லில் நிற்பவரை மாஸ்டர் என்றும், முதலாளியை இந்தப் பக்கம் அண்ணாச்சி என்றும் அந்தப் பக்கம் சேட்டா என்றும் அழைத்தால் பேச்சு எளிதாகத் தொடங்கும். கார்த்திகை, மார்கழியில் ஆரியங்காவு வழியெங்கும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம்; கடைகள் அந்தக் கூட்டத்துக்காகச் சைவத்துக்கு மாறியிருக்கும், வெளிமாவட்டத்து நாக்குக்காகக் காரம் கூட்டியிருக்கும். அந்த இரண்டு மாதச் சாப்பாட்டை வைத்து அந்தச் சாலையின் சமையலை எடைபோட்டால் தீர்ப்பு பிசகும். குற்றாலச் சீசன் மாதங்களுக்கும் இதுவே பொருந்தும். சக்கை கேட்டுப் போகிறவர் இடிச்சக்கைத் (பிஞ்சுப் பலா) துவரனுக்கு மாசி, பங்குனிக்கு முன்னும், பழத்துக்குச் சித்திரை, வைகாசியிலும் போக வேண்டும்.

14-ஆம் நூற்றாண்டில் மேற்குக் கடற்கரை வழியாகக் கொல்லம் வரை வந்த மொராக்கோப் பயணி இபன் பதூதா, வடக்கே இன்றைய கர்நாடகத்தின் ஹொன்னாவரில் உண்ட விருந்தை முறைப்படி சொல்லிவைத்திருக்கிறார்: செம்புக் கரண்டியால் சோறு பரிமாறி நெய் ஊற்றியது, ஊறுகாயாகப் பச்சைமிளகுக் கொத்தும் இஞ்சியும் எலுமிச்சையும் மாங்காயும் வைத்தது என்று வரிசை மாறாமல். ஆண்டுக்கணக்கில் சோறே தின்று, கடைசியில் தண்ணீர் குடித்தால்தான் உள்ளே இறங்கியது என்பதையும் மறைக்கவில்லை. பரிமாறிய வரிசை, பாத்திரம், உண்டவரின் உடல்நிலை மூன்றும் அந்தப் பதிவில் உண்டு. இன்றைய பல பயணக் கட்டுரைகளில் இந்த மூன்றும் இல்லை.

உடல்நிலை என்றதும் வயிற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு இடத்தில் சாப்பிடுகிறவர் ஒவ்வோர் இடத்திலும் நான்கு வாய்க்கு மேல் போகக் கூடாது. வயிறு நிறைந்தபின் நாக்கு சொல்லும் தீர்ப்பு நம்பத் தக்கதல்ல. காலையில் வடித்து வெளியிலேயே கிடந்த சோற்றைச் சூடாக்கித் தந்தால் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். சோற்றில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. நீராகப் போகத் தொடங்கினால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பியபின் பாதி வேலை மிச்சம் இருக்கும். குறிப்பில் உள்ளதை நம் அடுப்பில், நம் ஊர்த் தேங்காயில் இரண்டு முறையாவது செய்து பார்க்க வேண்டும். மண்சட்டியில் வைத்ததை மண்சட்டியிலும் ஒரு முறை, வாசகர் வீட்டில் இருக்கக்கூடிய எவர்சில்வரிலும் ஒரு முறை. மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அடுப்பை அணைத்த பின்னும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். எவர்சில்வரில் அதே நேரத்துக்கு அணைத்தால் மீன் வேகாமல் நிற்கும், ஓரிரு நிமிடம் கூட்டி எழுத வேண்டியிருக்கும். வாசகர் சந்தையில் கொடம்புளி கிடைக்காது என்றால் புளிக்கு மாற்றி ஒரு முறை செய்து, அந்த மாற்றத்தையும் தனியாகக் குறிப்பிட வேண்டும்; இரண்டையும் கலந்து எழுதினால் பாறசாலைக் குழம்பும் கிடைக்காது, நாஞ்சில் குழம்பும் கிடைக்காது. பிறகு எழுதியதைச் சமைத்துக் காட்டிய அக்காவிடமே தொலைபேசியில் முழுதாக வாசித்துக் காட்டலாம். பெரும்பாலும் ஒரு திருத்தமாவது வரும். அடுப்படியில் நின்றபோது அவர் சொல்ல வேண்டும் என்றே நினைக்காத ஒன்றாக அது இருக்கும்: இறக்கியபின் ஊற்றும் ஒரு கரண்டிப் பச்சைத் தேங்காய் எண்ணெய், மேலே கிள்ளிப் போட்டு உடனே மூடிய கறிவேப்பிலை, மூடியைப் பத்து நிமிடம் திறக்காமல் வைப்பது.